இன்னும் கொஞ்சம் கீழே

வெள்ளைத்தாளின் துணிப்பையில் எத்தனை பேருடைய கையெழுத்து இருந்தது என்று யாராவது கேட்டால் நான் எப்போதும் குறைத்துத்தான் சொல்வேன். ஊர் மொத்தத்தையும் காலையில் விற்று, மத்தியானம் ஒரு டீ குடித்துவிட்டு, சாயங்காலம் கோர்ட் மூடுவதற்குள் திரும்ப வாங்கிவிடலாம். அவ்வளவு இருந்தது.

வெள்ளைத்தாள் என்பது பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு; அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில், மாடியில் இருந்த ஒரு சீனியர் வக்கீலிடம் முப்பத்தோரு வருடமாகக் குமாஸ்தா. கட்சிக்காரன் வந்து வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு முடித்ததும், இவன் பையிலிருந்து நாலைந்து வெற்றுத்தாள்களை எடுத்து, விசிறி மாதிரி விரித்து முன்னால் வைப்பான்.

"ஒவ்வொரு தடவையும் வேலையப் போட்டுட்டு ஓடி வருவீங்களா? இதுலயும் போட்டுட்டுப் போங்க. மனு கினுன்னா நாங்க எழுதிக்குறோம். உங்களுக்குத்தான் அலைச்சல் மிச்சம்."

கட்சிக்காரன் பேனாவை வைக்கும் இடத்தை இவன் கண்ணாலேயே அளப்பான். அதுதான் தொழில். வாய்தா மனுவுக்குத் தாளின் பாதி போதும். பிரமாணப் பத்திரத்துக்கு நோட்டரி முத்திரைக்கும் சேர்த்து இடம் விட வேண்டும். சமரச மனு என்றால் இரண்டு பக்கத்து நிபந்தனையும் ஏறுமே, கையெழுத்து அடியில் போக வேண்டும். எந்தத் தாள் எதற்கு ஆகும் என்று அவனுக்கே அப்போது தெரியாது. ஆனால் விரலால் தட்டிக் காட்டுவான். "இங்க இல்ல. இன்னும் கொஞ்சம் கீழ."

முப்பத்து நாலு வருடம் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் கைவழியாகப் போன மனுக்களை அடுக்கினால் கோர்ட் கட்டடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கோர்ட் கட்டலாம். மற்ற குமாஸ்தாக்கள் கொண்டுவரும் மனுவில் கடைசி மூன்று வரி, கையெழுத்துக்கு மேலே, திருவிழா பஸ்ஸில் நிற்கிற கூட்டம் மாதிரி மூச்சு முட்டிக்கொண்டு நிற்கும். இவன் மனு அப்படி இருக்காது. கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவே ஒரு எறும்பு நிம்மதியாகப் படுத்துப் புரளலாம். இரண்டு எறும்பு முடியாது. அந்த அழகைப் பார்த்தே எனக்குத் தெரியும், இது வெற்றுத்தாளில் வாங்கியது என்று. ஜட்ஜுக்கும் தெரியும். தெரிந்துதான் நான் எண் போட்டேன், அவர் தலையாட்டினார்.

நாங்கள் ஒரே வீட்டை இரண்டாகத் தடுத்துக் குடியிருந்தோம். நடுவில் பலகைச் சுவர். அவர்கள் வீட்டில் வெங்காயம் நறுக்கினால் என் கண்ணில் தண்ணீர் வரும். அவன் மனைவிக்கு வக்கீல்களின் கவுனும் கழுத்துப்பட்டையும் வெளுத்துக் கஞ்சி போட்டுத் தேய்க்கிற வேலை. மழைக்காலத்தில் அடுப்புக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி இருநூறு கழுத்துப்பட்டைகளைக் காயப்போடுவாள். சரி, அறுபது. வெள்ளை நாக்குகள் தொங்குவது போல இருக்கும். சாப்பிட உட்கார்ந்தால் தலையில் ஏதாவது ஒரு வக்கீலின் கழுத்து உரசும்.

ஒரே பெண். ஏழு வயதில் குளிக்கக் கூப்பிட்டதற்கு, "அடுத்த வியாழக்கிழமைக்குத் தள்ளி வைங்கப்பா" என்று வாய்தா கேட்டவள். அன்றிலிருந்து அவளுக்கு லா பாயிண்ட் என்று பெயர். சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று வெள்ளைத்தாள் கோர்ட்டில் ஆள் ஆளாக நிறுத்திச் சொன்னான். ஆட்கள் தீர்ந்துபோனதும் தூண்களிடம் சொன்னான்.

"இத்தன வருசமா கருப்புக் கோட்டுக்குப் பின்னாடி நடந்தாச்சு அண்ணே. இனிமே கோட்டு என் வீட்டுக்குள்ள நடக்கும்" என்றான் என்னிடம்.

"நடக்கட்டும். ஆனா உன் பொண்டாட்டி கஞ்சியெல்லாம் மக பட்டைக்கே ஊத்திருவா, மத்தவன் கழுத்தெல்லாம் கசங்கியிருக்கும், இவளோடது மட்டும் கத்தியா நிக்கும்" என்றேன்.

அவள் படித்து முடிக்கிற வருடம் பார்த்துப் புதுச் சட்டம் வந்தது. சும்மா வரவில்லை. அந்த வருடம் ஒரு வக்கீல் வாதிக்கும் பிரதிவாதிக்கும் தானே ஆஜராகி, வலது பக்கம் நின்று கேள்வி கேட்டு, இடது பக்கம் ஓடிப் பதில் சொல்லி, நடுவில் மூச்சு வாங்கி, கடைசியில் தனக்கு எதிராகத் தானே தோற்றுப்போனான். நேரில் பார்த்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். தபாலில் பட்டம் வாங்கின இன்னொருவர், ஜாமீன் என்றால் என்ன என்று ஜட்ஜையே கேட்டாராம். ஆகவே மேலே இருக்கிறவர்கள் கூடிப் பேசி, சட்டக் கல்வி மற்றும் தொழில் ஒழுக்கச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றினார்கள்.

படித்து முடித்தவர்கள் ஒரு வருடம் ஒரு சீனியரிடம் பயிற்சி இருக்க வேண்டும். இருந்தால் மட்டும் போதாது. அங்கே பார்த்ததை வாரத்துக்கு ஒரு பக்கமாக நடத்தைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். தப்பு கண்டால் அங்கேயே கண்டிக்க வேண்டும். எழுதியது உண்மைதான் என்று ஒவ்வொரு பக்கத்திலும் அந்தச் சீனியரே கையெழுத்துப் போட வேண்டும். ஐம்பத்திரண்டு பக்கம், ஐம்பத்திரண்டு கையெழுத்து. ஒன்று குறைந்தாலும் கோட்டு கிடையாது. நல்ல மனசுக்காரர்கள் எழுதிய சட்டம். திருட்டுப் புகாரில் திருடனிடமே சாட்சிக் கையெழுத்து வாங்கச் சொல்கிற அளவுக்கு நல்ல மனசு.

பதினெட்டாம் பிரிவு மட்டும் எங்கள் ஆளுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது. வெற்றுத்தாளில் கட்சிக்காரரிடம் கையெழுத்து வாங்கினால் வக்கீலுக்குக் கோட்டு போய்விடும். குமாஸ்தா தன் இஷ்டத்துக்கு வாங்கியிருந்தால், ஒரு தடவை என்றால் ஆறு மாதம் கோர்ட்டுக்குள் நுழையக் கூடாது. வழக்கமாகச் செய்தவன் என்றால் ஆயுளுக்கும்.

"உன்னப் பத்தி தனிப் பிரிவே போட்டிருக்காங்கடா" என்று டீக்கடையில் நான்தான் செய்தித்தாளைக் காட்டினேன்.

அவன் படித்துவிட்டுச் சிரித்தான். "இதெல்லாம் பேப்பர்ல அண்ணே."

"உன் தொழிலும் பேப்பர்லதானடா."

லா பாயிண்ட் பயிற்சிக்குச் சேர்ந்தது அப்பா குமாஸ்தாவாக இருந்த அதே சீனியரிடம். வேறு யார் எடுப்பார்கள்? எழுதி வைக்கிற ஜூனியரை வீட்டுக்குள் விட எந்த வக்கீலும் தயாராயில்லை. இந்தச் சீனியருக்கு மட்டும் பயமில்லை. "நம்ம பாப்பாதான, என்ன எழுதிரப் போறா" என்றார். வாரா வாரம் கையெழுத்துப் போடவும் அவருக்குச் சோம்பல். "எழுதி வை பாப்பா. வருசக் கடைசியில மொத்தமாப் போட்டுர்றேன்." அப்படித்தான் அங்கே எல்லா வேலையும் நடந்தது.

ஓய்வு பெற்றவனுக்கு எல்லா ஆபீசும் சொந்த ஆபீஸ். அந்த மாடி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஓசிச் செய்தித்தாள் படிப்பது என் காலை வேலை. சாக்கு தைக்கிறவள் வந்த அன்றும் நான் அங்கே இருந்தேன்.

ஐம்பது வயது இருக்கும். விரல் நுனியெல்லாம் சணல் அறுத்த கோடு. இருபது வருடமாக ஒரு வீட்டின் முன்னறையில் வாடகைக்கு இருந்து, மிஷின் போட்டுச் சாக்கு தைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரன் காலி செய்யச் சொல்கிறான், தடையுத்தரவு வேண்டும் என்று வந்தாள். வெள்ளைத்தாள் வழக்கம்போலத் தாள்களை விரித்தான். மின்விசிறிக் காற்றில் தாள் எழும்பியது. ஓரத்தை லா பாயிண்ட் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இதுல ஒண்ணும் எழுதலியே ஐயா?"

"எழுதுவோம்மா. அதுக்குத்தான எங்களுக்கு ஃபீஸ். இங்க இல்ல, இன்னும் கொஞ்சம் கீழ."

அவள் எழுத்து எழுத்தாக, தையல் போடுகிற மாதிரி, பெயரை எழுதினாள். மூன்று தாளில். லா பாயிண்ட் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரக் குறிப்பேட்டுப் பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அதையும் வெள்ளையாகவே விட்டுவைத்திருந்தாள் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இரண்டு மாதத்தில் சீனியருக்கு வீட்டுக்காரன் பக்கத்திலிருந்து நல்ல சிநேகிதம் கிடைத்தது. மூன்று தாளில் ஒன்று, 'நானாக முன்வந்து முப்பது நாளில் காலி செய்து கொடுக்கச் சம்மதிக்கிறேன்' என்று நிரம்பியது. டைப் அடித்தது வெள்ளைத்தாள். எறும்பு இடைவெளி அச்சாக வந்திருந்தது.

கோர்ட் அமீனா போய்ச் சாமான்களைத் தெருவில் வைத்த அன்று அப்படி ஒரு மழை. கோர்ட் வாசலில் மீன் துள்ளியது என்று சொன்னால் நம்புங்கள். அவள் தையல் மிஷினின் தலையை மட்டும் கழற்றி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தாள்.

"நான் கையெழுத்து போட்டது இருக்கறதுக்குத்தானே ஐயா? போறதுக்கு எப்ப போட்டேன்?"

வெள்ளைத்தாள் ஃபைலிலிருந்து தலையை எடுக்கவில்லை. "நீங்க போட்டது கையெழுத்தும்மா. உங்களுதா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

"என்னுதுதான்."

"அப்புறம் என்ன."

அவள் லா பாயிண்ட் பக்கம் திரும்பினாள். "நீதானம்மா தாளப் பிடிச்சிட்டு இருந்த? காத்துல பறக்கக் கூடாதுன்னு?"

தரையில் மிஷினிலிருந்து தண்ணீர் சொட்டி எண்ணெயோடு கலந்து வானவில் கட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைத்தாள் பழைய துணி ஒன்றைக் கொடுத்தான். துடைக்க. அவளை இல்லை, தரையை.

அவள் துடைத்துவிட்டுப் போனாள்.

புகார் எழுத அவள் யாரிடமும் போகவில்லை. சாக்கின்மேல் ஊர்ப்பெயர் எழுதுகிற மைக்குச்சியால், எழுத்து ஒவ்வொன்றும் ஆட்டுக்குட்டி அளவில், புதுச் சட்டம் அமைத்த ஒழுக்க ஆணையத்துக்கு எழுதினாள். ஒன்பது பக்கம். கடைசி வரிக்குக் கீழே ஒட்டினாற்போல, மயிரிழை நுழைய இடமில்லாமல், கையெழுத்து. பாடம் படித்துவிட்டாள். லா பாயிண்டின் பயிற்சி வருடம் முடிகிற நேரம் அது. ஆணையம் உடனே கடிதம் அனுப்பியது: பயிற்சியாளரின் நடத்தைக் குறிப்பேட்டை, சீனியரின் கையெழுத்துகளோடு, வருகிற வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் ஒப்படைக்கவும்.

செவ்வாய்க்கிழமை சீனியரே வீட்டுக்கு வந்தார். முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவை. வாசலில் குனிந்து, காய்கிற கழுத்துப்பட்டைகளுக்கு நடுவே நிமிர்ந்தபோது இரண்டு பட்டைகள் அவர் காதுகளில் தொங்கின. பலகைச் சுவரில் ஒரு ஓட்டை உண்டு. அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது.

"பாப்பா, அந்த வாரப் பக்கத்துல என்ன எழுதியிருக்க?"

"ஒண்ணும் எழுதல சார்."

"புத்திசாலி. இப்ப எழுது. குமாஸ்தா தானா கையெழுத்து வாங்கினாரு, தானா மனு அடிச்சாரு, நான் பாக்காம கட்டோட கட்டாப் போயிருச்சு. அவ்வளவுதான். உங்கப்பா ஒரு ஒப்புதல் கடிதம் குடுத்துருவாரு. நான் அம்பத்திரண்டுலயும் போட்டுர்றேன்."

"உண்மைய எழுதினா சார்?"

சீனியர் கோபிக்கவில்லை. கோபிக்காத மனிதர் அவர். "தாராளமா எழுது. ஆனா அது உண்மைன்னு நான்தானம்மா போடணும்? நான் போடலன்னா ஒரு வருசம் போச்சு. ஒழுக்கக் குறைவுன்னு ரெக்கார்டுல ஏறிடுச்சுன்னா அடுத்த வருசமும் போச்சு. யோசிச்சுப் பாரு." வெள்ளைத்தாளைப் பார்த்தார். "என்னப்பா, ஆறு மாசம் வீட்ல இரு. நான் பாத்துக்க மாட்டேனா?"

"நீங்க சொன்னா சரிங்கய்யா" என்றான் வெள்ளைத்தாள்.

அவர் போனபிறகு அவருக்கு வைத்த டீ அப்படியே இருந்தது, ஆடை கட்டிக்கொண்டு. அவன் மனைவி அதை எடுத்துக் குடித்தாள். வீணாக்குகிற பழக்கம் அவளுக்கில்லை.

சரி என்று சொன்னவன், புதன்கிழமை லா பாயிண்ட் கொண்டுவந்த ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டான். ஊரையே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடவைத்தவன், கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தான். சத்தமாக வேறு படித்தான். எனக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

"'சட்ட அறிவு சிறிதும் இல்லாத நான்'. யாரு? நானா? அவரு வாதாடற ஒவ்வொரு பாயிண்ட்டும் நான் ராத்திரி தேடி எடுத்து வச்சது. இதுல போட மாட்டேன்."

லா பாயிண்ட் அந்த வரியை எடுத்துவிட்டு வியாழக்கிழமை காலை வேறு கொண்டுவந்தாள்.

"'அறியாமல் செய்த பிழை'. அறியாம நான் ஒரு கமா போட்டதில்ல. பாரு, இங்கயே கமா தப்பு. யாரு அடிச்சது இத?"

சாயங்காலம் மூன்றாவது வந்தது.

"'வக்கீலுக்குத் தெரியாமல்'. அவருக்குத் தெரியாம அந்த ஆபீஸ்ல ஒரு குண்டூசி நகராது. தப்ப நான் ஏத்துக்கறேன், பொய்ய ஏத்துக்க முடியாது."

"அப்பா, நாளைக்கு நாலு மணி."

"நாலு மணின்னா? தப்புத் தப்பா எழுதினதுல போடறதா? ஒருத்தன் கையெழுத்துன்னா என்னன்னு நெனச்ச?"

அதுவரை பேசாமல் தேய்த்துக்கொண்டிருந்த அவன் மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பலகைச் சுவர் அதிர்ந்தது. என் பக்கத்துப் பல்லி இரண்டு விழுந்தன.

"ஏங்க, கேக்கறேன். இத்தன வருசத்துல எத்தன பேரு உங்க முன்னால உக்காந்து போட்டிருப்பாங்க? ஒருத்தன், ஒரே ஒருத்தன், படிச்சுப் பாத்துட்டுப் போட்டானா? படிக்கறதுக்கு அதுல ஏதாவது இருந்துச்சா? உங்களுக்கு மட்டும் என்ன, கமா வேண்டியிருக்கு?"

"அது வேற."

"என்ன வேற? அந்தச் சாக்குக்காரி கை கையில்லையா?"

"அவங்க எனக்கு என்ன பொண்ணா பிறந்தாங்க?"

"பொண்ணாப் பொறந்தவதான் இப்ப கேக்கறா. குடுங்களேன்."

அவன் சாப்பிடாமல் எழுந்து வெளியே வந்தான். மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் நின்றுகொண்டு, "கேட்டீங்களா அண்ணே?" என்றான்.

"எனக்குக் காது மந்தம்" என்றேன்.

"நீங்க சொல்லுங்க, போடலாமா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அவன் கொண்டுவந்த அத்தனைக்கும் எண் போட்டவன் நான். "சோத்தத் தின்னுட்டு யோசி" என்றேன். முட்டைப் பொரியல் வாசனை எனக்கே வந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு லா பாயிண்ட் வந்தாள். நனைந்திருந்தாள், ஆனால் நெஞ்சோடு அணைத்திருந்த கவர் நனையவில்லை. வரும்போதே என் கதவைத் தட்டி, "பெரியப்பா, கொஞ்சம் வாங்க" என்றாள். சாட்சிக்கு என்று பிறகு புரிந்தது.

கவரிலிருந்து ஒரு தாளை எடுத்து அப்பா முன்னால், தேய்க்கிற மேசையில், சூடு ஆறாத விரிப்பின்மேல் வைத்தாள்.

வெற்றுத்தாள்.

வெள்ளைத்தாள் அதை இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தான். அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தான். "என்னடா இது? லெட்டர் எங்க?"

"நீங்க ஒவ்வொண்ணாத் திருத்திக்கிட்டே இருந்தா நாலு மணிக்குள்ள ஆகாதுப்பா. இதுல போட்டுருங்க. சீனியர் ஆபீஸ்ல டைப் மிஷின்ல உக்காந்திருக்காரு. அடிச்சுக்குவாரு."

"நீ படிச்சியா, என்ன அடிக்கப் போறாருன்னு?"

"படிச்சேன்."

"என்ன?"

"வேண்டாம்ப்பா. நீங்க படிச்சா போட மாட்டீங்க."

அடுப்பின்மேல் ஒரு பட்டையிலிருந்து கஞ்சித் தண்ணீர் சொட்டி, சுர்ரென்றது. அவன் மனைவி பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். இங்கே நான் ஒன்று சொல்ல வேண்டும்: நான் இத்தனை வருடத்தில் கோர்ட்டில் பார்த்த தூக்குத் தண்டனைகளில் ஒன்றைக்கூட ஜட்ஜ் இவ்வளவு மரியாதையாக வாசித்ததில்லை.

வெள்ளைத்தாள் கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தான். இனி அது தேவையில்லை. பேனாவை எடுத்தான். முகம் மாறியது, வேலை செய்கிறவன் முகம் வந்துவிட்டது.

"எத்தன பாரா வரும்?"

"மூணு."

விரலை வைத்து மேலிருந்து அளந்தான். விலாசத்துக்கு நாலு விரல். பொருளுக்கு ஒன்று. மூன்று பாராவுக்கு ஒரு சாண். "தேதியும் எடமும் இடது பக்கம். அத மறந்துறப் போறாரு, சொல்லு" என்று பாதிக்குச் சற்றுக் கீழே பேனாவை வைத்தான். சன்னலிலிருந்து ஈரக்காற்று வந்து தாள் எழும்பியது. ஓரத்தை நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பழக்கம்.

"இங்க இல்லப்பா" என்றாள் லா பாயிண்ட். விரலால் தட்டிக் காட்டினாள். "இன்னும் கொஞ்சம் கீழ."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் பார்த்தான் என்று கேட்டால் ஒரு வருடம் என்பேன். இரண்டு சொட்டுக் கஞ்சித் தண்ணீர் விழுந்தது, அவ்வளவுதான். பிறகு பேனாவைக் கீழே நகர்த்திப் போட்டான். முழுப் பெயர். அவனுக்கு அப்படி ஒரு பெயர் இருந்ததே அன்றுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

மூன்று ஐம்பதுக்குக் குறிப்பேடு ஆணையத்தில் இருந்தது. ஐம்பத்திரண்டு கையெழுத்தும் ஒரே மையில், இன்னும் காயாமல்.

விசாரணை இரண்டு வாரத்தில் முடிந்தது. புதுச் சட்டத்தின் கீழ் முதல் வழக்கு. பாராட்டுவதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். லா பாயிண்டின் குறிப்பேட்டை, சொந்தத் தகப்பன் என்றும் பாராமல் எழுதப்பட்ட நேர்மைக்கு உதாரணம் என்று அச்சடித்து எல்லாச் சட்டக் கல்லூரிகளுக்கும் அனுப்பினார்கள். தன் அலுவலகத்தின் குறையைத் தானே கையெழுத்திட்டு ஒப்புக்கொண்ட சீனியரை, மாணவர்களுக்குத் தொழில் ஒழுக்கம் பாடம் நடத்த வாரத்துக்கு இரண்டு நாள் கூப்பிட்டார்கள். நன்றாக நடத்துகிறாராம். கண்ணில் தண்ணீர் வருகிறதாம், அவருக்கு.

சாக்கு தைக்கிறவளிடம் ஆணையம் வருத்தம் தெரிவித்தது, எழுத்து மூலமாக. அதற்குள் வீட்டை இடித்தாகிவிட்டது. அந்தக் கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் கையெழுத்துக் கேட்டபோது அவள் இரண்டு தடவை முழுக்கப் படித்துவிட்டு, போட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

லா பாயிண்ட் கோட்டு போட்டுவிட்டாள். நியாயமாகச் சொல்ல வேண்டும்: நல்ல வக்கீல். ஒரு கட்சிக்காரனிடமும் வெற்றுத்தாளில் வாங்குவதில்லை. ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டி, விளக்கி, புரிந்ததா என்று இரண்டு முறை கேட்டு, பிறகுதான் பேனாவைக் கொடுக்கிறாள். அந்தச் சட்டம் எங்கள் ஊரில் உண்டாக்கிய ஒரே உருப்படியான வக்கீல் அவள்தான் என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். கழுத்துப்பட்டை கத்தியாக நிற்கிறது. நான் சொன்னேனே.

தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம் நான் கோர்ட் அறிவிப்புப் பலகைக்குப் போய், ஒப்புதல் கடிதத்தின் நகலை, கேட்காமலே, கிழித்துக்கொண்டு வந்தேன். வெள்ளைத்தாள் வாசற்படியில் உட்கார்ந்து மனைவி வெளுத்த துணிகளுக்குப் பொத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு மாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். ஆயுள் என்று நான் சொல்லிவிட்டேன். யாராவது சொல்லத்தானே வேண்டும். எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் கூச்சம் கிடையாது.

"அஞ்சு பாராடா" என்று தாளை நீட்டினேன். "மொத மூணு சாக்குக்காரி விஷயம். நாலாவது, முப்பத்தோரு வருசமா இதே பழக்கம், வக்கீல் பல தடவ எச்சரிச்சும் நீ கேக்கலன்னு. அது சீனியருக்கு."

"அஞ்சாவது?"

"'பயிற்சியாளரான என் மகள் அன்றே என்னைக் கண்டித்தார். நான் பொருட்படுத்தவில்லை.'"

கண்டிக்காமல் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று தெரிந்தால் கோட்டு கிடைக்காது. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சட்டத்தில் இருக்கிறது.

அவன் தாளை வாங்கினான். படிக்கவில்லை. கண்ணாடியே போடவில்லை. தாளை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, சாய்த்து, கடைசி வரியையும் தன் கையெழுத்தையும் மட்டும் பார்த்தான். நடுவில் சுண்டுவிரல் நகத்தை வைத்துப் பார்த்தான். ஒரு எறும்பு படுத்துப் புரளலாம். இரண்டு முடியாது.

"நான் வச்ச எடத்துல போட்டிருந்தா மூணாவதோட நின்னிருக்கும் அண்ணே" என்றான். "நாலாவதுகூட இடிச்சிருக்கும். அவ பாருங்க, அளவுகோல் இல்ல, ஒண்ணில்ல, ஒரே தட்டு. அஞ்சும் கச்சிதமா உக்காந்திருக்கு."

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"தேறிட்டா" என்றான்.